சரளைக் குழியும் சாண் மண்ணும்

நாம் அன்றாடம் நடந்து செல்லும் சாலைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? மேலே கருநிறமான தார். அதற்குக் கீழே உடைத்த கருங்கல் ஜல்லி. அதற்கும் கீழே, வண்டிகளின் பாரத்தையெல்லாம் தாங்கிக்கொண்டு, சிவந்த சரளை. அந்தச் சரளை வானத்திலிருந்து பொழிந்ததன்று. எங்கோ ஒரு நிலத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. வெட்டிய இடத்தில் ஒரு குழி இருக்கிறது. சாலையின் திறப்பு விழாவிற்கு ஊரே திரண்டு செல்கிறது. குழியைப் பார்க்க எவரும் செல்வதில்லை. இன்று அந்தக் குழியைப் பற்றியே உங்களுடன் பேச விரும்புகிறேன்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரன். ஆசிரியப் பயிற்சி பெற்று, சிற்றூர்ப் பள்ளிகள் பலவற்றில் பணியாற்றி, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கத்து நிலம் பெரும்பாலும் செம்மண் நிலம். அதில் மேடான இடங்களில் சரளை மிகுதி. அதைப் பழந்தமிழர் முரம்பு என்றனர். சங்க நூல்களில் காணும் சொல் அது. இன்றும் சில ஊர்களில் ‘மொரம்பு மேடு’ என்று சொல்வார்கள். ஒப்பந்தக்காரர்கள் ‘கிராவல்’ என்பார்கள். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே. ஆற்றுப் பாய்ச்சல் இல்லாத, மழையை மட்டுமே நம்பியிருக்கும் வறண்ட மேட்டு நிலங்களில்தான் இக்குழிகள் மிகுதியாக உள்ளன. அந்நிலங்கள் பெரும்பாலும் ஊர்ப் பொதுவான மேய்ச்சல் தரிசாகவோ புறம்போக்காகவோ இருப்பவை. உழவுக்கு உதவாத நிலம் என்று ஏட்டில் எழுதப்பட்டிருப்பதால், அவற்றை வெட்டுவதால் எவருக்கும் இழப்பில்லை என்று பலரும் கருதுகிறார்கள். இக்கருத்து சரிதானா என்பதை முதலில் ஆராய்வோம்.

புதிதாக வெட்டிய ஒரு சரளைக் குழியின் சுவரை உற்றுப் பாருங்கள். உச்சியில் ஒரு சாண் அளவுக்குச் சற்றே கருமை கலந்த மண் இருக்கும். புல்லின் வேர்கள் அதில் நூல்போலப் பின்னியிருக்கும். எறும்பு வளையும் மண்புழுத் துளையும் அதில்தான் காணப்படும். அதற்குக் கீழே செம்மண். உருண்டையான சிறு கற்கள் கலந்தது. இன்னும் கீழே போகப் போகக் கற்கள் நெருங்கி, சில இடங்களில் ஒன்றோடொன்று ஒட்டி, செம்பூராங்கல் என்னும் பாறையாகவே ஆகியிருக்கும். அதற்கும் அடியில் செம்மையும் வெண்மையும் திட்டுத் திட்டாகக் கலந்த களி.

இவ்வடுக்குகள் எவ்வாறு உண்டாயின? வெப்பமான நாட்டில் மழைக்காலமும் கோடைக்காலமும் மாறி மாறி வரும்போது, மழைநீர் பாறையிலுள்ள பொருள்களைச் சிறுகச் சிறுகக் கரைக்கிறது. சுண்ணாம்பு, பொட்டாசியம், மணலுக்கு மூலமான சிலிக்கா ஆகியவை கரைந்து சென்றுவிடுகின்றன. எளிதில் கரையாத இரும்பும் அலுமினியமும் தங்கிவிடுகின்றன. இரும்பு காற்றுடன் கூடித் துருவாகிச் செந்நிறம் தருகிறது. உலர்ந்து இறுகிக் கல்லாகிறது. இத்தகைய கல்லை மலபாரில் அங்காடிப்புரம் என்னுமிடத்தில் கண்ட பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர், 1807-இல் வெளிவந்த தம் பயண நூலில் அதற்கு ‘லேட்டரைட்’ என்று பெயரிட்டார். இலத்தீன் மொழியில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. மண்ணுக்குள் இருக்கையில் வெட்டுவதற்கு மென்மையாகவும், வெயிலில் காய்ந்தபின் கடினமாகவும் இருப்பதால், மக்கள் அதைச் செங்கல்போல அறுத்து வீடு கட்டினார்கள். புதுக்கோட்டைப் பக்கத்திலும், தஞ்சாவூரை அடுத்த வல்லத்து மேட்டிலும் இக்கல்லை நீங்கள் இன்றும் காணலாம்.

ஹான்ஸ் ஜென்னி என்னும் மண்ணியல் அறிஞர் 1941-இல் எழுதிய நூலில், மண் ஐந்து காரணங்களால் உருவாகிறது என்று வகுத்துக் காட்டினார். தட்பவெப்பம், உயிரினங்கள், நிலத்தின் ஏற்றத்தாழ்வு, மூலப் பாறை, காலம் என்பவை அவை. இவற்றுள் மனிதனால் எவ்விதத்திலும் விரைவுபடுத்த முடியாதது காலம். ஒரு விரற்கடை மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் செல்கின்றன. பொக்லைன் எந்திரத்தின் வாளி அதைச் சுரண்டி எடுக்க ஒரு நொடி போதும்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டேர் நிலம் என்பது 10,000 சதுர மீட்டர். அதில் 2 மீட்டர் ஆழம் வெட்டினால் கிடைப்பது 20,000 கன மீட்டர். உச்சியிலுள்ள சாண் மண்ணை 20 சென்டிமீட்டர் என்று கொண்டால், அது 2,000 கன மீட்டர். அதாவது பத்தில் ஒரு பங்கு. இந்தப் பத்தில் ஒரு பங்கு சாலைக்கு உதவாது. வேரும் மட்கும் கலந்த மண் பாரத்தைத் தாங்காமல் அமுங்கிவிடும் என்பதால், சாலை போடுவோர் அதை விரும்புவதில்லை. ஆகவே, குழி வெட்டுபவர் முதல் வேலையாக அதை ஒதுக்கித் தள்ளுகிறார். பின்னர் அது சரளைக் கழிவோடு கலந்து வீணாகிறது. அல்லது வீட்டுமனைப் பள்ளத்தை நிரப்பச் சென்றுவிடுகிறது. விற்பவருக்குப் பயனற்ற அந்தப் பத்தில் ஒரு பங்குதான் நிலத்திற்கு உயிர். என் பேச்சின் சாரம் முழுவதும் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது.

உயிர் என்று நான் சொன்னது அணிக்காக அன்று. அந்தச் சாண் மண்ணுக்குள் வரும் மழைக்காகக் காத்திருக்கும் விதைகள் எண்ணற்றவை. அவற்றுள் பெரும்பகுதி மேலிருந்து நான்கைந்து விரற்கடை ஆழத்திற்குள்ளேயே கிடக்கின்றன. செடிகளின் வேர்களோடு கூடி வாழும் பூஞ்சைகள் அங்கே உள்ளன. ஃபிராங்க் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1885-இல் அக்கூட்டு வாழ்வுக்கு ‘மைக்கோரைசா’ என்று பெயரிட்டார். வேர் எட்ட முடியாத இடத்திலுள்ள பாஸ்பரஸையும் நீரையும் பூஞ்சை இழைகள் கொண்டுவந்து தருகின்றன. கைம்மாறாக மரத்திடமிருந்து சர்க்கரை பெறுகின்றன. செம்மண்ணிலுள்ள இரும்பு, பாஸ்பரஸை இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆதலால் எங்கள் நிலத்துச் செடிகளுக்கு இப்பூஞ்சையின் துணை மிகவும் தேவை. மேலும் காற்றிலுள்ள நைட்ரஜனை உணவாக்கித் தரும் நுண்ணுயிர்கள், மண்ணைக் கிளறும் மண்புழுக்கள், இலைகளை அரைக்கும் கறையான்கள் என ஓர் ஊரே அங்குக் குடியிருக்கிறது.

குழியின் அடித்தரையில் இவற்றுள் எதுவும் இல்லை. அது எந்திரச் சக்கரங்களால் நசுங்கி இறுகிய தரை. மழை பெய்தால் நீர் உள்ளே இறங்காமல் ஓடிவிடும். அல்லது தேங்கி நின்று வெயிலில் ஆவியாகிவிடும். நீங்களே இதைச் சோதித்து அறியலாம். இருபுறமும் மூடி நீக்கிய ஒரு தகர டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு பழைய மரத்தடி மண்ணில் இரண்டு விரற்கடை ஆழம் அழுத்தி, ஒரு குவளை நீர் ஊற்றி, நீர் மறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். பிறகு குழித்தரையிலும் அவ்வாறே செய்யுங்கள். அடுத்து, இரண்டு இடத்து மண்ணையும் தனித்தனிக் கண்ணாடிப் புட்டிகளில் இட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் தங்கும். களி மறுநாள்வரை நீரைக் கலக்கி நிற்கும். மரத்தடி மண்ணில் மட்டும் மட்கிய இலைத் துகள்கள் மேலே மிதக்கும். வேற்றுமை கண்ணுக்கே புலனாகும்.

சரி, அந்த மேட்டு நிலங்களில் குழி வெட்டுமுன் என்ன வளர்ந்தன? இன்று தரிசாகக் காண்பதால் என்றும் தரிசாகவே இருந்திருக்கும் என்று கொள்ளலாகாது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையோரத்திற்கே உரிய ஒரு காட்டு வகை உண்டு. ‘வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு’ என்பது அதன் பெயர். இந்தியக் காடுகளை 1936-இல் வகைப்படுத்திய சாம்பியன் என்னும் வனவியலார் இதைத் தனி வகையாகக் குறித்தார். தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 920 மில்லிமீட்டர். அதில் பாதியளவு வடகிழக்குப் பருவக்காற்றினால் சில வாரங்களில் பெய்து தீர்ந்துவிடுகிறது. ஆண்டில் ஆறு ஏழு மாதங்கள் வறட்சி. அப்படியிருந்தும் இக்காட்டு மரங்கள் முழுவதும் இலையுதிர்த்து நிற்பதில்லை. சிறிய, தடித்த, மெழுகு பூசியதுபோன்ற இலைகளால் நீரைக் காத்துக்கொள்கின்றன. உயரத்தில் வளராமல் வேரில் வளர்கின்றன.

காயா, பாலை, வீரை, குருந்து, களா, சூரை ஆகியவை இக்காட்டின் குடிகள். இவற்றிற்கு அருகே, இன்னும் வறண்ட சரளை மேடுகளில், உசிலை, வெள்வேல், கிளுவை, விராலி, ஆவாரை, கொழுஞ்சி ஆகியவற்றைக் காணலாம். உசிலை இலைதான் நம் வீட்டில் தலைக்குத் தேய்க்கும் அரப்பு. கொழுஞ்சி நம் உழவர் வயலுக்கு இடும் தழையுரம். ஆவாரையின் பயனை உங்கள் பாட்டிமார் உங்களைவிட நன்கு அறிவர். உழவுக்கு உதவாத நிலம் என்று எழுதப்பட்ட இடத்திலிருந்துதான் வேலிக்கு முள்ளும், வயலுக்குத் தழையும், ஆட்டுக்கு மேய்ச்சலும், அடுப்புக்கு விறகும், வைத்தியத்திற்கு வேரும் வந்துகொண்டிருந்தன.

பழைய காட்டின் உருவத்தைக் காண வேண்டுமானால் கோயிற்காட்டிற்குச் செல்லுங்கள். அய்யனாருக்கு விடப்பட்ட காட்டில் அரிவாள் படலாகாது என்னும் கட்டுப்பாடு பல ஊர்களில் நிலைத்திருக்கிறது. புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டிலுள்ள அய்யனார் கோயிற்காடு தாவரவியலார் நன்கு அறிந்த ஒன்று. கோடிக்கரையில் பாலை மரங்கள் நிறைந்த காட்டை அரசு 1967-இல் சரணாலயமாக அறிவித்தது. எங்கள் மாவட்டத்திலும் இத்தகைய காடுகள் சிறிதும் பெரிதுமாக உள்ளன. குழியை மீட்க விரும்புகிறவனுக்குக் கோயிற்காடு இரண்டு விதங்களில் உதவுகிறது. இந்நிலத்தில் எவை வாழும் என்பதைக் காட்டும் ஏடு அது. அவற்றின் விதைகளைத் தரும் களஞ்சியமும் அதுவே.

இங்கு ஒரு கேள்வி எழும். “பழைய குழிகளில் சீமைக் கருவேலம் தானே முளைத்துப் பச்சென்று நிற்கிறதே, அது போதாதா?” என்று நீங்கள் கேட்கலாம். சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்குக் கொண்டுவரப்பட்ட மரம். அது ஏழைகளுக்கு விறகும் கரியும் தந்திருக்கிறது. அதை மறுப்பது நன்றியாகாது. ஆயினும் அது நெருங்கி வளர்ந்த இடத்தில் நம் நிலத்துச் செடிகள் தலையெடுப்பது அரிது. தைலமரத்தை வரிசையாக நட்டுவிட்டுக் காடு வளர்த்ததாகச் சொல்வதும் பொருந்தாது. பச்சை நிறம் வேறு, காடு வேறு. புல்லும், பூண்டும், புதரும், மரமும், அவற்றை நாடி வரும் வண்டும், பறவையும் கூடி, தன் விதையைத் தானே பரப்பி, தன் மண்ணைத் தானே வளர்த்துக்கொள்ளும் நிலையை நிலம் அடைந்தால்தான் அது மீண்டது என்று கொள்ளலாம்.

இனி, மீட்கும் முறையைக் கூறுகிறேன்.

முதல் வேலை குழி வெட்டுவதற்கு முன்பே தொடங்குகிறது. சாண் மண்ணைத் தனியே சுரண்டி, சரளையோடு கலவாமல், தாழ்ந்த குவியலாக வைக்க வேண்டும். உயரமாகக் குவித்தால் உள்ளே காற்றில்லாமல் நுண்ணுயிர்கள் மடியும். நெடுநாள் வைத்தாலும் விதைகள் முளைக்கும் ஆற்றலை இழக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜர்ரா என்னும் மரக்காடுகளுக்கு அடியிலும் நம்முடையதைப் போன்ற செம்பூராங்கல் நிலமே உள்ளது. அங்கே 1963 முதல் அலுமினியத் தாது தோண்டப்பட்டது. தோண்டிய இடங்களை மீண்டும் காடாக்க முயன்றவர்கள் கண்ட உண்மை இது: ஓரிடத்தில் சுரண்டிய மேல்மண்ணைக் குவித்து வையாமல், ஏற்கெனவே தோண்டி முடித்த வேறோரிடத்தில் உடனே பரப்பினால், பலவகைச் செடிகள் தாமே முளைக்கின்றன. ஒரு குழியின் மேல்மண் முந்தைய குழிக்குப் போர்வையாகிறது.

இரண்டாவது, செங்குத்தான சுவர்களைச் சரிவாக்குதல். இது மண்ணுக்கு மட்டுமன்றி உயிருக்கும் காப்பு. மூன்றாவது, இறுகிய தரையை ஆழக் கீறி உடைத்தல். நீர் ஓடும் திசைக்குக் குறுக்கே உழவும் வரப்பும் அமைய வேண்டும். பிறைவடிவான சிறு பள்ளங்களும் நன்று. பெய்யும் துளி பெய்த இடத்திலேயே இறங்கட்டும். நான்காவது, சேமித்த மேல்மண்ணைப் பரப்பி, சருகு மூடுதல். இயன்றால் அங்கே ஆட்டுக்கிடை போடுதல். ஐந்தாவது, விதைத்தல். ஆவாரை, வெள்வேல் முதலியவற்றின் விதைத்தோல் கடினமானது. கொதிநீரை இறக்கிவைத்துச் சற்று ஆறியபின் விதைகளை இட்டு, ஓரிரவு ஊறவைத்து விதைத்தால் நன்கு முளைக்கும். ஆட்டுக்கிடையில் கிடக்கும் வேல விதைகளைப் பொறுக்கி விதைப்பது நம் முன்னோர் கண்ட எளிய வழி. ஆட்டின் வயிறே விதைத்தோலை மென்மையாக்கிவிடுகிறது. மாறாக, வேம்பும் நாவலும் ஆனி, ஆடி மாதங்களில் பழுத்தவுடன் விதைக்கப்பட வேண்டியவை. சில வாரங்கள் கடந்தால் முளைக்கமாட்டா. விதைப்புக்கு ஏற்ற காலம் புரட்டாசியின் இறுதி. ஆறாவது, வேலி. கிளுவைப் போத்துகளை நட்டால் அவையே உயிர்வேலியாகும். முதல் மூன்றாண்டுகள் ஆடும் தீயும் அணுகாமல் காக்க வேண்டும்.

இவற்றில் வரிசை முறையும் இன்றியமையாதது. வெறுந்தரையில் காயாவையோ வீரையையோ நேரே நட்டால் அவை பிழைப்பது அரிது. முதலில் புல், கொழுஞ்சி, அவுரி. அடுத்து ஆவாரை, விராலி. அவற்றின் நிழலில் வெள்வேலும் உசிலையும். அவற்றின் கிளைகளில் வந்து அமரும் கொண்டைக்குருவியும் குயிலும் எச்சத்தோடு கொண்டுவரும் பழமரங்கள். முன்னவர் மண்ணைச் செய்கிறார்கள். பின்னவர் அதில் வாழ்கிறார்கள்.

மேல்மண் அடியோடு போய்விட்ட இடத்தில் என்ன செய்வது? கென்யா நாட்டில் மொம்பாசா நகருக்கு அருகே பம்பூரி என்னும் இடத்தில், சிமெண்டுக்காகப் பவளச் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த பெரும்பள்ளம் ஒன்று இருந்தது. சுவிட்சர்லாந்தில் பிறந்த வேளாண் வல்லுநர் ரெனே ஹாலர் என்பவர் 1971-இல் அங்கே மரம் வளர்க்கத் தொடங்கினார். 26 வகை மரங்களை நட்டதில் மூன்றே பிழைத்தன. அவற்றுள் முதன்மையானது, நம் கடற்கரையிலும் பெருக வளர்க்கப்படும் சவுக்கு. சவுக்கின் வேர்முடிச்சுகளில் நைட்ரஜனைத் தரும் நுண்ணுயிர் உண்டு. ஆனால் உதிர்ந்த ஊசி இலைகள் மட்காமல் தரையில் கிடந்தன. அவற்றைத் தின்னும் மரவட்டைப் பூச்சிகளைச் சேகரித்துக் கொண்டுவந்து விட்டார் ஹாலர். மரவட்டைகள் இலையைத் தின்று எருவாக்கின. மெல்ல மெல்ல மண் உண்டாயிற்று. அம்மண்ணில் பிறகு வேறு பல மரங்கள் நடப்பட்டன. மண்ணைச் செய்வது மரம் மட்டுமன்று, புழுபூச்சியும்தான் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை. ஆனால், கையில் இருந்த மண்ணைத் தொலைத்துவிட்டால் அதை மீண்டும் பெற எத்தனை உழைப்பு வேண்டியிருக்கிறது என்பதையும் இது காட்டுகிறது.

நான் கண்ட ஒன்றையும் கூறுகிறேன். நான் பணியாற்றிய ஒரு சிற்றூரில், பள்ளியிலிருந்து கூப்பிடு தூரத்தில், வெட்டிக் கைவிடப்பட்ட ஒரு சரளைக் குழி இருந்தது. ஓர் ஐப்பசி மாதத்து மழையில் அது நிரம்பியது. கலங்கிய செந்நீர், ஆழம் தெரியாது. சுவரோ செங்குத்து, உள்ளே விழுந்தவர் பற்றி ஏற இடமில்லை. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆட்டுக்குட்டிக்கு நீர் காட்டப் போனவன் திரும்பி வரவில்லை. அவன் தந்தையோடு நானும் கரையில் நின்றேன். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச இயலவில்லை.

ஊரார் கூடினார்கள். நகரத்துக் குப்பையைக் கொட்டிக் குழியை மூடிவிடலாம் என்று சிலர் கூறினர். குப்பையில் ஊறிய நீர் கீழிறங்கினால் அருகிலுள்ள குடிநீர்க் கிணறு கெட்டுவிடும் என்று மற்றவர்கள் தடுத்தனர். இறுதியில், ஊராட்சியின் உதவியோடு சுவர்களைச் சரித்து, மிகத் தாழ்ந்த மூலையை மட்டும் படிக்கட்டுச் சரிவுள்ள சிறு குட்டையாக விட்டு, எஞ்சிய தரையை உழுது விதைப்பது என்று முடிவாயிற்று. குழி வெட்டியவர்கள் ஒதுக்கித் தள்ளிய பழைய மேல்மண் ஓர் ஓரத்தில் நீண்ட கரைபோலக் கிடந்தது. அதைப் பரப்பினோம். கிழக்குப் பாதிக்குத்தான் போதியதாயிற்று. மேற்குப் பாதிக்கு இல்லை. மாணவர்கள் கோயிற்காட்டிலும் வேலியோரங்களிலும் சேகரித்த விதைகளை இரண்டு பாதிகளிலும் ஒரே நாளில், ஒரே அளவில் விதைத்தனர்.

மூன்றாண்டுகள் கழித்துக் கிழக்குப் பாதியில் ஆவாரை இடுப்பளவு பூத்து நின்றது. நாங்கள் விதையாத செடிகளும் பல அங்கே முளைத்திருந்தன; பழைய மண்ணில் உறங்கிக் கிடந்த விதைகளிலிருந்து வந்தவை அவை. மேற்குப் பாதியிலோ, வரப்பின் அடியில் தூசியும் சருகும் ஒதுங்கிய இடங்களில் மட்டும் சில கொழுஞ்சிகள். மழை ஒன்று, விதை ஒன்று, விதைத்த கைகளும் அவையே. வேறுபட்டது சாண் மண் மட்டும். அதன்பின் மேற்கே ஆண்டுதோறும் கிடை போட்டோம். ஊர்ச் சருகையெல்லாம் சுமந்து சேர்த்தோம். நான் ஓய்வு பெறும்போது அங்கே விராலி வேர் பிடித்திருந்தது. வெள்வேல் கன்றுகள் சிலவும் நின்றன. கிழக்கு மூன்றாண்டில் அடைந்ததை மேற்கு பத்தாண்டிலும் முழுமையாக அடையவில்லை.

சட்டம் இதற்கு உதவாதா என்று கேட்பீர்கள். மண்ணும் சரளையும் சிறு கனிமங்கள் என்னும் வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கான தமிழ்நாட்டு விதிகள் 1959-ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டன. 2012-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்று, ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறு குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்று கூறியது. சிறு குழிகள் பல சேர்ந்தால் பெருங்கேடு விளையும் என்பதே அதன் கருத்து. ஆயினும், விதி தாளில் இருக்கிறது. குழி ஊரில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றுசேர்த்துப் பார்க்க ஊரில் ஆள் வேண்டும். அந்த ஆள் ஏன் ஒரு மாணவனாகவோ மாணவியாகவோ இருக்கலாகாது?

சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனைக்குச் செல்லும் சாலையும், நீங்கள் கல்லூரிக்குச் செல்லும் சாலையும் சரளையின்மேல்தான் போடப்படுகின்றன. சரளை எடுப்பவர் எடுக்கட்டும். நிலத்தின் போர்வையை மடித்து வைத்துவிட்டு எடுக்கட்டும். எடுத்தபின் போர்த்திவிட்டுச் செல்லட்டும். அதற்கு ஆகும் செலவு, பின்னர் ஆகும் செலவோடு ஒப்பிடுகையில் அற்பம்.

ஆகவே, மாணவச் செல்வங்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். உங்கள் ஊர்க் கோயிற்காட்டிற்குச் சென்று, அங்குள்ள செடிகொடிகளின் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு பட்டியல் எழுதுங்கள். எந்த மாதத்தில் எது பழுக்கிறது என்பதையும் அதில் குறியுங்கள். ஊரைச் சுற்றியுள்ள குழிகளைப் பெரியவர் ஒருவர் துணையோடு கரையில் நின்று மட்டும் பார்த்து, எவை செங்குத்தானவை, எவற்றில் நீர் நிற்கிறது என்பதை ஊராட்சிக்கு எழுதித் தெரிவியுங்கள். மூன்றாவதாக, உங்கள் ஊரில் புதிய குழி வெட்டத் தொடங்கும் நாளில், கிராம சபையில் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “மேலே இருந்த சாண் மண்ணை எங்கே வைத்திருக்கிறீர்கள்?”

விடை வரும்வரை அமராதீர்கள்.